என் காலுக்குள் நடக்கும் வெட்டுக்குத்து

ஜூன் 9. விடாத மழை. தேயிலைத் தோட்டத்து லய வீட்டுக் கூரை ஒழுகல்.

எல்லாவற்றையும் நான் முன்பே சொன்னேன். பக்கத்துக் காம்பரா வீட்டு மாணிக்கம் பொதுப் பீலிக் குழாய்த் தண்ணீரைத் தன் கரட் பாத்திக்குத் திருப்பிய அன்றே சொன்னேன், இரத்தம் பார்க்காமல் இது அடங்காது என்று. போன மாதம் பார்த்தாயிற்று. தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டும் கத்தியோடு வந்தான். என் கெண்டைக்காலில் ஒரே வெட்டு. கத்தியைப் பிடுங்கி அவன் முழங்கையில் திருப்பிக் கொடுத்தேன். எலும்பு வெள்ளையாகத் தெரிந்தது. என்னைப் பிடித்து நிறுத்த எட்டுப் பேர். (நாலு பேர் என்றே இருக்கட்டும்.)

ஆஸ்பத்திரியில், கவ்வாத்து வெட்டும்போது கத்தி வழுக்கியது என்றேன். பொலிஸ் வந்தால் இருவருக்கும் வழக்கு. மாணிக்கம் ஆஸ்பத்திரிப் பக்கமே போகவில்லை. எனக்குத் தந்த குளிசை முழுவதையும் சிங்கம்போல விழுங்கினேன்.

இன்று புண் மறுபடி வாய் திறந்துவிட்டது. சீழ். நாற்றம்.

வாங்க: சவர்க்காரம், கட்டுத்துணி, தீப்பெட்டி.

ஜூன் 11. மூடுபனி. ஹட்டன் பஸ், நின்றபடியே. ஆஸ்பத்திரி வார்டில் படுக்க வைத்துவிட்டார்கள்.

டாக்டரம்மா அழுகிய சதையைக் கத்தரித்துத் தட்டில் போட்டார். நான் முனகவே இல்லை. அடுத்த கட்டில்காரர்: "அண்ணே, நீங்க போட்ட சத்தத்துல என் சேலைனே நின்னுருச்சு." பொறாமை.

"குளிசை எல்லாம் போட்டு முடிச்சீங்களா?"

"ஒன்னு விடாம, டாக்டரம்மா."

சீழ் சோதனைக்குப் போனது.

ஜூன் 14. வெயில், பிறகு மழை. பழைய குளிசை என் கிருமியிடம் எடுபடாதாம். புது ஊசி. அதுவும் தோற்றால் முழங்காலுக்குக் கீழே எடுத்துவிடுவார்கள்.

தங்கச்சி மகள் கலா வந்தாள். கெம்பஸில் உயிரியல் படிக்கிறவள்.

"மாமா, அந்தக் குளிசை பக்டீரியாவோட டிஎன்ஏவ அடிச்சு ஒடைக்கும். அதப் படியெடுக்கிற பொலிமரேஸ்ங்கிற நொதி சேதமான எடத்துல நின்னுரும். நின்னா கிருமி காலி."

"அப்ப ஏன்டி சாகல?"

"ஆபத்துக்குன்னே வேற பொலிமரேஸ் இருக்கு. மண்சரிஞ்ச ரோட்டுல கொழுந்து லொறிய ஏத்துற குடிகார ட்ரைவர் மாதிரி. நிக்காது, தாண்டிரும். ஆனா படியெடுக்கிறது தப்பும் தவறுமா இருக்கும். அந்தத் தப்பாலயே நெறைய கிருமி சாகும். எப்பவாவது ஒன்னுக்கு அந்தத் தப்பே கவசமாகிரும். அப்புறம் குளிசை அத ஒன்னும் செய்யாது."

கொத்மலைப் பாதையில் நானே அப்படி லொறி ஓட்டியிருக்கிறேன் என்றேன். சிரித்தாள். ஆனால் உள்ளே பார்த்தேன்: என் கெண்டைக்காலில் அடி, உடைப்பு, பிணக் குவியல். அதன் மேல் ஏறி வருகிறான் ஒருத்தன்.

"குளிசைய பாதியில விட்டா, தப்பிச்சதெல்லாம் பெருகிரும். நீங்கதான் முழுசா போட்டீங்களே மாமா?"

இருமினேன்.

போகும்போது சொன்னாள்: "மாணிக்கம் மாமாவுக்குக் கை பலாக்காய் மாதிரி வீங்கியிருக்கு. காய்ச்சல்ல பெனாத்துறாரு. பொலிசுக்குப் பயந்து வரமாட்டேங்கிறாரு."

ஜூன் 15. குளிர். சோறு இறங்கவில்லை. டாக்டரம்மா வரிசையாகப் பார்த்துக்கொண்டு வந்தார்.

குளிசை முழுவதும் விழுங்கியது பொய். இந்தக் கொப்பியில் எழுதியதும் பொய்தான். வெட்டுக்கு மறுநாள் மாணிக்கத்தின் பெண்சாதி பின்கதவில் வந்து நின்றாள். குளிசையில் பாதியைக் கொடுத்தேன்.

சொல்லிவிட்டேன். "டாக்டரம்மா, குளிசைல பாதிதான் நான் போட்டேன். மிச்சப் பாதி என்னைய வெட்டுனவன் வயித்துல போயிருச்சு. பொலிஸ் வந்தா வரட்டும். அவனையும் இங்க தூக்கிட்டு வரச் சொல்லுங்க."