எண்ணுக்கு விட்ட இடைவெளி

அன்புள்ள குட்டிமாவுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் தம்பியும் சௌக்கியம். நீ சௌக்கியமாக இருப்பதை, அப்பா உன்னோடு போனில் பேசும்போது பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து அவர் போடும் 'சரிம்மா, சரிம்மா'வை வைத்து நானாகவே தெரிந்துகொள்கிறேன். நான் கூப்பிட்டால் நீ எடுப்பதில்லை. அதனால்தான் கடிதம். போன் என்றால் பாதியில் வைத்துவிடுவாய், கடிதத்தை அப்படிச் செய்ய முடியாது. கிழித்துப் போடலாம்தான், ஆனால் நீ கிழிக்கிற ஆள் இல்லை, உறையைக்கூடக் கத்தரிக்கோல் தேடி எடுத்து வெட்டுகிறவள்.

முதலில் வீட்டுச் செய்தியைச் சொல்லிவிடுகிறேன். அப்பா வாஷிங் மெஷினைப் பிரித்து மாட்டினார், கையளவு ஸ்குரூ மிச்சம் வந்தது, இதெல்லாம் எங்கே போகவேண்டியது என்று கேட்டால் கம்பெனிக்காரன் தேவையில்லாமல் போட்டு வைத்தது என்கிறார். மெஷின் ஓடுகிறது, இல்லையென்று சொல்லவில்லை, ஆனால் ஓடும்போது இருந்த இடத்தை விட்டுச் சமையலறை வாசல்வரை வந்துவிடுகிறது. அவருக்கு முழங்கால் வலி குறையவில்லை, டாக்டர் நடக்கச் சொன்னார், இவர் டாக்டர் வீட்டுக்கு நடந்து போனதையே கணக்கில் காட்டுகிறார். தம்பி காலையில் எழுந்து ஓடப் போகிறான். எழுப்பினாலும் எழாத பிள்ளை தானாக எழுந்து, தலை வாரி, சென்ட் போட்டுக்கொண்டு ஓடினால் பெற்றவளுக்குச் சந்தேகம் வராதா? என்னிடம் வாய் திறக்க மாட்டான், நீ கேட்டால் சொல்வான், கேட்டுப் பார்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். சுற்றி வளைத்தால் உனக்குப் பிடிக்காது. வரைபடத்தில் தப்பு இருக்கிறது என்று அன்று சாயங்காலம் நான் போனில் சொன்னபோது நீ கேட்டது ஒரே கேள்வி, "உனக்கு எப்பம்மா தெரியும்?" மதியமே தெரியும் என்றேன். "மதியம் நான் மேல பறந்துட்டு இருந்தேம்மா" என்றாய், போனை வைத்துவிட்டாய். அந்த மதியம் என் பக்கத்தில் என்ன நடந்தது என்று உனக்குத் தெரியாது. தெரிந்துகொண்ட பிறகும் கோபம் இருக்கலாம், அது உன் இஷ்டம், ஆனால் தெரியாமல் கோபப்படாதே.

ஆபீஸில் எங்கள் வரைபடப் பிரிவில் என்ன செய்கிறோம் என்பது உனக்குப் பழக்கப்பட்ட கதைதான். விமானிகள் மடியில் விரித்துப் பார்க்கிற காகித வரைபடத்தைக் கணினியில் கோடு கோடாக, புள்ளி புள்ளியாக ஏற்றுகிறோம். போட்டோ எடுத்து வைப்பது போல இல்லை. ஏற்றிய ஒவ்வொரு கோட்டுக்கும் தான் ஆறா, ரோடா, மின்கம்பியா என்று தெரியும். எல்லாம் தனித்தனி அடுக்கு, வேண்டியதைப் போடலாம், வேண்டாததை அணைக்கலாம். அதன் சோதனைப் பிரதியைத்தான் நீ ஓட்டுகிற மருத்துவ ஹெலிகாப்டர் கம்பெனிக்கும், வயலுக்கு மருந்து தெளிக்கிற விமானக்காரர்களுக்கும், இன்னும் சிலருக்கும் அனுப்பியிருந்தோம். மின்கம்பிக்குப் பக்கத்தில் போனால் திரையில் மணி அடிக்கும், உங்களுக்கெல்லாம் அது பெரிய வசதி என்று நீயே சொன்னாய், எனக்கும் அன்றைக்கு முழுக்க மனசு நிறைந்திருந்தது.

அந்த மதியம் நான் உங்கள் பக்கத்து மலைப்பகுதி வரைபடத் தாளைக் கணினியில் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். எண்கள் மொய்த்துக்கொண்டு கண் வலித்ததால் எண்களின் அடுக்கை மட்டும் அணைத்தேன். ஆற்றுப் பள்ளத்தாக்கைக் குறுக்கே தாண்டுகிற உயர் அழுத்த மின்கம்பி, நடுவில் பல் விழுந்த வாய் மாதிரி விட்டுப்போயிருந்தது. கண்ணாடியைத் துடைத்துவிட்டுப் பார்த்தேன், அப்படியேதான் இருந்தது. காகிதத்தை எடுத்துப் பார்த்ததும் புரிந்தது. கம்பி எவ்வளவு உயரம் என்கிற எண் தெளிவாகத் தெரிவதற்காக, காகிதத்தில் வரைந்தவர் அந்த இடத்தில் கோட்டை வெட்டி நடுவில் எண்ணைப் போட்டிருக்கிறார். எப்போதும் அப்படித்தான் போடுவார்கள், பார்க்கிற எவருக்கும் கோடு எண்ணுக்கு அடியில் தொடர்கிறது என்று தெரியும். ஆனால் எங்கள் ஆபீஸ் விதி, அச்சில் இருப்பதை மட்டும் ஏற்று, இல்லாததைச் சேர்க்காதே என்பது. அதுவும் தப்பான விதி இல்லை, இல்லாவிட்டால் ஆளாளுக்கு ஒரு ஊரையே சேர்த்துவிடுவார்கள். புதிதாகச் சேர்ந்த பெண் அந்த விதியை அச்சுப் பிசகாமல் பின்பற்றி, எண்ணுக்கு இந்தப் பக்கம் நிறுத்தி அந்தப் பக்கம் தொடங்கியிருக்கிறாள். மனுஷனுக்குப் புரிவது கணினிக்குப் புரியுமா? அதற்கு அங்கே கம்பியே இல்லை, மணியும் அடிக்காது. எண்ணை வேறு எங்கே போடுவார்கள், வேறு அச்சு இல்லாத காலியான இடத்தில்தானே, அதாவது பள்ளத்தாக்கின் நட்டநடுவில், நீங்கள் எல்லாம் தாழப் பறக்கிற இடத்தில். மற்ற தாள்களையும் திறந்து பார்த்தேன், எண் இருந்த இடமெல்லாம் இதே கதை.

நேரே எங்கள் தலைவரிடம் போனேன், எதைக் கேட்டாலும் 'பார்க்கலாம்' என்பாரே, நீகூடப் 'பார்க்கலாம் சார்' என்று பெயர் வைத்தாயே, அவரிடம். இரண்டு படத்தையும் பார்த்தார், அவருக்கும் முகம் மாறியது. திங்கட்கிழமை இந்தக் கணினி வரைபடத்துக்கு வெளியீட்டு விழா, பெரிய மனிதர்கள் எல்லாம் வருகிறார்கள், இப்போது வரைபடத்தைத் திரும்ப வாங்குகிறோம் என்று அறிவிப்பு போனால் விழா போய்விடும். "உங்க பொண்ணு அங்கதானே ஓட்டுறா, அவகிட்ட ஒரு வார்த்தை சொல்லிடுங்க, மத்ததைத் திங்கட்கிழமைக்கு அப்புறம் பார்க்கலாம்" என்றார். சொன்னதோடு நிற்காமல் தன் போனையே மேஜைமேல் என் பக்கம் நகர்த்தி வைத்தார். அவர் கெட்டவர் இல்லை குட்டிமா, என்மேல் இரக்கப்பட்டுத்தான் சொன்னார். எனக்கு அந்த இரக்கத்தைப் பார்த்துத்தான் பயம் வந்தது.

என் போனை எடுத்துக்கொண்டு வராந்தாவுக்கு வந்தேன். உன் பெயர் திரையில் இருந்தது. அழுத்தியிருந்தால் நீ எடுத்திருப்பாயோ, அல்லது உங்கள் ஆபீஸ் வழியாக உனக்குத் தகவல் வந்திருக்குமோ, எப்படியும் வந்திருக்கும். என் உயிர் திரும்பி வந்திருக்கும். அதற்கப்புறம் என்னை எனக்குத் தெரியும். அப்பாடா என்று ஒரு காபி குடித்திருப்பேன். பார்க்கலாம் சார் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது, திங்கள்தானே, யார் அவ்வளவு தாழப் பறக்கப் போகிறார்கள் என்று எனக்கே தோன்ற ஆரம்பித்திருக்கும். மற்றவர்களுக்காக மாடி ஏறிச் சண்டை போடுகிற அளவுக்கு நான் பெரிய மனுஷி இல்லை. உன்மேல் இருந்த பயம்தான் என்னைப் பிடித்துத் தள்ளிக்கொண்டிருந்தது, அது குறைந்தால் நான் நின்றுவிடுவேன் என்று நினைத்தேன். போனை உள்ளே வைத்துவிட்டேன்.

மேல்மாடியில் பறப்புப் பாதுகாப்பு அதிகாரி கூட்டத்தில் இருந்தார். கதவுக்கு வெளியே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன், அந்த நேரத்தை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. எங்கேயாவது போன் அடித்தால் தூக்கிவாரிப் போட்டது. பிறகு அவர் வந்தார், படத்தைத் திறந்தார், எண்களை அவரே அணைத்துப் பார்த்தார், போட்டார், மறுபடி அணைத்தார். இதை வைத்துப் பறக்கிறவர்களில் உங்களுக்குத் தெரிந்தவர் யாராவது உண்டா என்று கேட்டார். என் மகள் என்றேன். அவளிடம் சொல்லியாயிற்றா என்றார். இன்னும் இல்லை என்றேன். என்னை ஒரு தரம் நிமிர்ந்து பார்த்தார், ஏன் என்று கேட்கவில்லை, போனை எடுத்தார். கொஞ்ச நேரத்தில் எல்லோருடைய திரையிலிருந்தும் வரைபடம் இறங்கியது, அறிவிப்பும் போனது. அதற்குப் பிறகுதான் உன்னைக் கூப்பிட்டேன்.

விழா நடக்கவில்லை. பார்க்கலாம் சார் என்னிடம் மரியாதையாகத்தான் பேசுகிறார், பழைய மாதிரி பேசுவதில்லை. அந்தப் புதுப் பெண் அழுதாள், விதியில் உள்ள தப்புக்கு நீ ஏன் அழுகிறாய் என்று அதட்டினேன். இப்போது எண்ணுக்கு அடியில் கோட்டைச் சேர்த்து வரைய வேண்டும் என்று விதியை மாற்றியாயிற்று, அவள்தான் முதல் ஆளாக உட்கார்ந்து சேர்க்கிறாள்.

அன்று யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அதனால் நான் செய்தது சரியா தப்பா என்று சொல்லவும் யாருமில்லை. நடந்ததை அப்பாவிடம் சொன்னபோது, "அவகிட்டயும் சொல்லிட்டு மாடிக்கும் போயிருக்கலாமே" என்றார். போயிருக்கலாம். வேறு ஒருத்தியாக இருந்தால் போயிருப்பாள். நான் உன்னை மற்றவர்களோடு சேர்த்து மேலேயே விட்டு வைத்தேன், தெரிந்தே விட்டு வைத்தேன், உனக்கு ஏதாவது ஆகியிருந்தால் இந்தக் கடிதத்தை எழுதுகிற கை இருந்திருக்காது. மன்னித்துவிடு என்று எழுதிப் பார்த்தேன், அடித்துவிட்டேன். மன்னிப்புக் கேட்டால் இன்னொரு தடவை செய்ய மாட்டேன் என்று அர்த்தம். அடுத்த தடவை உனக்குத்தான் முதலில் சொல்வேன் என்று ஒரு வரி எழுதினால் நீ பேசிவிடுவாய் என்றும் தெரியும். அந்த வரியை எழுத முடியவில்லை, உன்னிடம் பொய் சொல்லி உன்னை வாங்க எனக்கு மனசில்லை.

வேளாவேளைக்குச் சாப்பிடு. தூக்கம் குறைந்த நாளில் ஓட்டாதே, யார் என்ன சொன்னாலும் ஓட்டாதே. திரை சும்மா இருக்கிறதே என்று நம்பாமல் கண்ணாடிக்கு வெளியே பார், என் ஆபீஸில் செய்ததாக இருந்தாலும் பார். நீ நூறு வயசு நன்றாக இருக்க வேண்டும், போகிற இடமெல்லாம் பத்திரமாக இறங்க வேண்டும், அதைத் தவிர எனக்கு வேண்டுதல் ஒன்றும் இல்லை. கோபம் தீர்ந்த பிறகு பேசலாம் என்று தள்ளிப் போடாதே. தீராவிட்டால் என்ன செய்வேன் நான்? கோபத்தோடேயே கூப்பிடு, திட்டு, கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
எல்லோருக்கும் சொல்லிவிட்டு உனக்குச் சொன்ன
உன் அம்மா