எலுமிச்சம்பழத்தின் அகலம்

எலுமிச்சம்பழம் நறுக்கும்போதெல்லாம் இப்போது என் வலது கால் தரையை அழுத்துகிறது. நேற்றும் அப்படித்தான். ரசத்தில் பிழியலாம் என்று ஒரு பழத்தை இரண்டாக வெட்டினேன். வாசனை எழுந்ததும் முழங்கால் விறைத்தது. பாதம் சமையலறைத் தரையில் பிரேக்கைத் தேடியது. அடுப்பை அணைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்துகொண்டேன். உன்னிடம் இதைச் சொல்லித் தீர்க்காமல் இனி நான் ரசம் வைக்க முடியாது. வேறு யாரிடமும் சொல்லவும் முடியாது. ஏன் என்பது போகப்போக உனக்கே தெரியும்.

உன் கார் ஓடியது. நீ முதலில் கேட்கக்கூடியது அதுதான் என்பதால் முதலில் சொல்லிவிடுகிறேன்.

ஹூஸ்டன் பக்கத்துப் பேர்லேண்டில் அது உங்கள் வீட்டு வாசலுக்கு வந்த நாளை நினைத்துக்கொள்கிறேன். அறுபதுகளின் கடைசியில் செய்த இரண்டு கதவு அமெரிக்கக் கார். நீண்ட மூக்கு, அகன்ற இடுப்பு. நீ கொண்டுவந்தபோது இன்ஜின் இல்லை, இரண்டு கதவில் ஒன்று இல்லை, பின் சீட் இருந்த இடத்தில் எலி கூடு கட்டியிருந்தது. டிரெய்லரில் கட்டி இழுத்து வந்து இறக்கினோம். டேகேர் வேலை முடிந்து வந்த உன் அம்மா, தோள்பையை இறக்காமலேயே அதை ஒரு சுற்று சுற்றிப் பார்த்தார்.

"இதுக்கா ரெண்டு பேரும் லீவு போட்டுட்டுப் போனீங்க? எங்க ஈரோட்டுல இதப் பேரீச்சம்பழத்துக்குக்கூட எடுக்க மாட்டானே கண்ணு."

"அம்மா, இது லெஜண்டும்மா."

"லெஜண்டுக்கு இன்னொரு கதவு எங்கடி?"

நீ தரையில் உட்கார்ந்து சிரித்தாய். நான் சிரிக்கவில்லை. எனக்கு அந்த மூக்கைப் பார்க்கவே பயமாக இருந்தது. அலுவலகத்தில் பக்கத்து இருக்கை என்பதால் பழகியவர்கள் நாம். நீ எட்டு வயதில் டெக்சாஸுக்கு வந்தவள், நான் படிக்க வந்து தங்கிவிட்டவள். ஃப்ரீவேயில் லாரி பக்கத்தில் வந்தால் மூச்சைப் பிடித்துக்கொள்கிறவளை இந்த வேலைக்கு ஏன் கூப்பிட்டாய் என்று அன்றைக்குப் புரியவில்லை.

நீ சிறுமியாக இருந்தபோது உன் அப்பா அழைத்துப்போன டயர் கடையில் ஒரு படம் மாட்டியிருந்ததாம். கரும்பச்சை ரேஸ் கார், வெள்ளைக் கூரை, கதவில் பெரிய எண். அந்தக் கார் எங்கே என்று கேட்டிருக்கிறாய். ஒரு பந்தயத்தில் நொறுங்கிப்போனது, இப்போது இல்லை என்று கடைக்காரர் சொன்னாராம். அப்பா போன பிறகும் அந்தப் படம் உன்னோடு இருந்தது. இல்லாத அந்தக் காரை, அதே வகைக் காரின் கூட்டிலிருந்து மறுபடி செய்வது என்று கிளம்பினாய். இணையத்தில் எவனோ அதை 'ஃபேக்' என்று எழுதினான். நான் கொதித்தேன். நீ ஸ்பேனரைத் துடைத்துக்கொண்டே சொன்னாய்.

"ஃபேக்னா நான்தான் அதுன்னு பொய் சொல்றது. ட்ரிப்யூட்னா, நான் அது இல்ல, ஆனா அத மறக்கலன்னு சொல்றது. அவனுக்கு வித்தியாசம் தெரியல, விடு."

இன்ஜின் வேலை உன்னுடையது, கார் உருண்டால் ஆளைக் காக்கும் இரும்புக் கூண்டின் வெல்டிங்கும் உன்னுடையது. பிரேக்கை மட்டும் என்னிடம் கொடுத்தாய். நான் பின்வாங்கினேன். தப்பாகச் செய்தால் நீ செத்துப்போவாய் என்றேன், அந்தச் சொல்லின் கனம் தெரியாமல்.

"அதனாலதான்டீ உனக்கு. நீ மஞ்ச லைட்டைத் தூரத்துல பார்த்தாலே நிக்கற ஆளு. பயப்படாதவங்க கையில நான் பிரேக்கைக் குடுக்க மாட்டேன். நீதான் புக்கா படிக்கறயே, இந்த மேனுவலையும் படி."

படித்தேன். நாவல் படிப்பதுபோல் அல்ல, மருந்துச் சீட்டைப் படிப்பதுபோல. முன் சக்கரங்களின் பழைய டிரம்களைக் கழற்றி டிஸ்க் பொருத்தினேன். ஒவ்வொரு போல்ட்டையும் முறுக்கிவிட்டு, வீட்டுக்குப் போய், பாதி வழியில் திரும்பி வந்து மறுபடி தொட்டுப் பார்த்தேன். உன் அம்மா சன்னல் வழியாகப் பார்த்து, "வந்துட்டா பாரு, கேஸ மூடினோமான்னு பார்க்க வர்றவ மாதிரி" என்பார்.

குழாயில் தங்கிய காற்றை வெளியேற்ற இரண்டு பேர் வேண்டும் இல்லையா? ஒருவர் பெடலை அழுத்திப் பிடிக்க வேண்டும். இன்னொருவர் சக்கரத்தருகே சின்னத் திருகைத் திறந்து, எண்ணெயோடு குமிழ்கள் வெளியேறியதும் மூட வேண்டும். முதல் தடவை நான் பெடலில், நீ சக்கரத்தில். திருகை மூடுவதற்குள் பெடலை விட்டால் காற்று திரும்ப உள்ளே போகும் என்று படித்திருந்தேன். அதனால் விடவே பயம். நீ மூடிவிட்டுக் கத்துகிறாய், நான் இரண்டு காலாலும் மிதித்துக்கொண்டு கிடக்கிறேன்.

"விடுடீ! மூடிட்டேன், விடு! விட்டாத்தான் அடுத்தது அழுத்த முடியும்!"

அப்புறம் உன் ரத்தத்தில் அது வந்தது. அதைப் பற்றி இங்கே எழுதப் போவதில்லை. ஒன்றை மட்டும் எழுதுகிறேன். ஊசிகளுக்கு நடுவில் கொஞ்சம் தெம்பாக இருந்த ஒரு வாரம், வாகன பூஜைக்குக் காரைக் கோயிலுக்குக் கொண்டுபோக வேண்டும் என்று உன் அம்மா பிடிவாதமாக நின்றார். கரும்பச்சை பெயிண்ட் காய்ந்து சில நாள்தான் ஆகியிருந்தது. அன்று காலை கராஜில், தலையில் பின்னல் தொப்பியோடு ஒரு டயர்மேல் உட்கார்ந்திருந்தாய். இன்ஜின் அருகே இருந்த என்னைப் பார்க்காமலேயே சொன்னாய்.

"எனக்கும் பயமா இருக்குடீ. ஆனா உன் அளவுக்குப் பழக்கம் இல்ல. நீதான் எக்ஸ்பர்ட். டெய்லி எப்படிச் சமாளிக்கற?"

"பார்த்துப் பார்த்துப் போறதுதான்" என்றேன். நீ தலையை ஆட்டினாய், நான் ஏதோ பெரிய சூத்திரத்தைச் சொல்லிவிட்டதுபோல.

காரை டிரெய்லரில் ஏற்றிப்போய்க் கோயில் கார் நிறுத்தத்தில் இறக்கினோம். வெயில் கொதித்தது. குருக்கள் பானெட்டில் சந்தனம் வைக்க வந்ததும் நீ பதறினாய்: "பெயிண்ட் கீறிடும், மெதுவா!" அவர் சிரித்தார். "நேத்து எலெக்ட்ரிக் கார் கொண்டுவந்தவரும் இதேதாம்மா சொன்னார். சாமிக்கு எல்லா பெயிண்ட்டும் ஒண்ணுதான்." நான்கு சக்கரத்தடியிலும் நான்கு எலுமிச்சம்பழம் வைத்தார்கள். நீ உள்ளே ஏறி ஸ்டார்ட் செய்தாய். அந்தச் சத்தத்தில் மண்டபத்துப் புறாக்கள் எழுந்து பறந்தன. கிளட்சை மெல்ல விட்டாய். பழங்கள் நசுங்கின. நிறுத்திவிட்டாய். உனக்கு அதற்குமேல் காலில் பலம் இல்லை.

நீ அந்தக் காரை ஓட்டிய மொத்தத் தூரம் ஓர் எலுமிச்சம்பழத்தின் அகலம்.

பூஜையில் மிஞ்சிய ஒரு பழத்தை, குங்குமத்தோடு, உன் அம்மா டாஷ்போர்டில் வைத்தார். "அம்மா, ரேஸ் கார்ல லூசா எதுவும் இருக்கக் கூடாது. இன்ஸ்பெக்ஷன்ல தூக்கிப் போட்டுருவாங்க." "சாமி பழத்தையா? எவன் தூக்கறான்னு நானும் பார்க்கறேன்." நீ எடுத்து அவர் கையில் திருப்பிக் கொடுத்தாய். பழம் கைப்பைக்குள் போனதாகத்தான் நாம் இருவரும் நினைத்தோம்.

நீ போன பிறகு கராஜ் பல மாதம் திறக்கவில்லை. ஒருநாள் உன் அம்மா என்னைக் கூப்பிட்டு, சோறு போட்டு, நான் தயிர்ச்சோற்றுக்கு வரும்வரை காத்திருந்து சொன்னார்: "அவ சொல்லிட்டே இருந்த அந்த ரேஸ் டிராக்ல ஒரே ஒரு வாட்டி அத ஓட்டிரு கண்ணு. வேற யாருக்கும் குடுக்க மனசு வரல. அவ வேலை பாதியில நிக்கக் கூடாது." நான் மறுத்திருக்கலாம். தட்டில் தயிர்ச்சோறு மிச்சம் இருந்தது. தலையைக் குனிந்துகொண்டு சரி என்றேன்.

பிரேக் எண்ணெயை மாற்ற வேண்டியிருந்தது. இரண்டாவது ஆளாக உன் அம்மா வந்தார். நைட்டியின் மேல் துண்டு போட்டுக்கொண்டு உன் சீட்டில் ஏறி உட்கார்ந்து, பெடலில் கால் வைத்தார். சக்கரத்தருகே நான். "அழுத்துங்க ஆன்ட்டி… பிடிங்க… ம், விடுங்க." என்னைவிட ஒழுங்காகச் செய்தார். நடுவில் மேலிருந்து விசும்பல் கேட்டது. ஆனாலும் நான் சொல்லும்வரை அவர் காலை எடுக்கவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை. ஹூஸ்டனுக்குத் தெற்கே, புல்வெளி நடுவில் டிராக். மதிய இடைவேளையில் பழைய கார்களை மட்டும் சுற்றி வர விடுவார்கள். அதில் பெயர் கொடுத்திருந்தேன். பரிசோதகர் சக்கரங்களை ஆட்டிப் பார்த்தார், பெடலை மிதித்துப் பார்த்தார், சீட்டை உலுக்கினார், டார்ச் அடித்தார், கட்டைவிரலை உயர்த்தினார். ஆன்ட்டி குடையும் புளியோதரை டப்பாவுமாக வேலியோரம் நின்றார். ஹெல்மெட்டுக்குள் என் மூச்சு எனக்கே பெரிதாகக் கேட்டது. உன் கையுறை எனக்குப் பெரிது. உன்னைப்போல் ஓட்ட முயன்றால் அது பொய், நான் ஓட்டுவதுபோல் ஓட்டினால் போதும் என்று சொல்லிக்கொண்டேன்.

முதல் சுற்று எல்லோரும் என்னைக் கடந்து போனார்கள். இரண்டாவதிலும். மூன்றாவதில், நேர்ப்பாதையில், உன் இன்ஜினை ஒருமுறையாவது அதன் குரலில் பேச விட வேண்டும் என்று தோன்றியது. மிதித்தேன். முதுகு சீட்டில் அறைந்தது. அந்தச் சில நொடி எனக்குப் பயம் இல்லை. அதை நினைத்தால்தான் இப்போது அதிகமாகப் பயமாக இருக்கிறது.

வளைவு வந்தது. பிரேக்கை அழுத்தினேன். பெடல் பாதியில் நின்றுவிட்டது. மெத்தென்று அல்ல, கல்லில் முட்டியதுபோல. கார் லேசாகத்தான் தயங்கியது; வளைவு அப்படியே என்னை நோக்கி வந்துகொண்டிருந்தது. அலறவில்லை. என் கை முறுக்கிய போல்ட்கள் ஒவ்வொன்றாகக் கண்முன் வந்தன. எதை விட்டேன், எதை விட்டேன் என்று தேடிக்கொண்டே, பயந்தவள் செய்யக்கூடியதையே செய்தேன்: இன்னும் பலமாக அழுத்தினேன். இரண்டு காலாலும். அது இறங்கவில்லை.

அப்போது கராஜில் நீ கத்தியது காதில் விழுந்தது. ஆவி, அசரீரி என்றெல்லாம் எழுத மாட்டேன், உனக்குப் பிடிக்காது. அது நினைவுதான். ஆனால் சரியான எரிச்சலோடு, சரியான சத்தத்தில் வந்தது. விடுடீ. விட்டாத்தான் அடுத்தது அழுத்த முடியும்.

அந்த வேகத்தில் பிரேக்கிலிருந்து காலை எடுப்பதுபோல் பயங்கரமான ஒன்றை நான் வாழ்க்கையில் செய்ததில்லை. எடுத்தேன். ஏதோ ஒன்று பெடலுக்குப் பின்னாலிருந்து உதிர்ந்து இடப்பக்கம் உருண்டது. மறுபடி மிதித்தேன். முழுதாக இறங்கியது. டயர்கள் கிறீச்சிட, கார் பாதையை விட்டுப் புல்லில் இறங்கி, பாதி திரும்பி, நின்றது.

காய்ந்த புல் கருகும் நெடி. அதற்கடியில் இன்னொரு வாசனை, கசப்பாக, பழையதாக. குனிந்து தடவினேன். கறுத்துச் சுருங்கி மரக்கட்டைபோல் இறுகிய எலுமிச்சம்பழம். ஒரு பக்கம் விரிசல். மறுபக்கத்தில் குங்குமம் இன்னும் ஒட்டியிருந்தது. பச்சையாக இருந்தபோது சீட் சட்டத்தின் இடுக்கில் இறுக்கமாக நின்றிருக்கும். டார்ச் வெளிச்சத்துக்கும் சிக்கியிருக்காது. காயக் காயச் சுருங்கி, அன்றைக்குக் கழன்று பெடலுக்குப் பின்னால் உருண்டிருக்கிறது. கொடி வைத்திருந்தவர் ஓடி வந்தார். ஒன்றுமில்லை என்று கையை ஆட்டி, பழத்தை உடைப் பைக்குள் போட்டுக்கொண்டேன்.

மெதுவாகத் திரும்பி வந்தேன். ஆன்ட்டி குடையை மடக்கிக்கொண்டே வந்தார்.

"ஏங்கண்ணு புல்லுக்குள்ள போயிட்ட? வழி தெரியலயா?"

"வளைவுல கொஞ்சம் அகலமா போயிட்டேன் ஆன்ட்டி."

"எனக்குப் பயமே இல்ல தெரியுமா. அன்னைக்கு அவ திருப்பிக் குடுத்த சாமி பழத்த, அவளுக்குத் தெரியாம சீட்டுக்கடியில சொருகி வச்சிருந்தேன். அவளத்தான் காப்பாத்தல." பிறகு என் கன்னத்தைத் தொட்டார். "உன்னக் காப்பாத்திருச்சு பாரு. அது இருக்கான்னு பாரு கண்ணு."

குனிந்தேன். அவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, பைக்குள்ளிருந்து பழத்தை எடுத்து, விரிசல் தெரியாமல் திருப்பி, இடுக்கில் வைத்தேன்.

"இருக்கு ஆன்ட்டி."

அவர் காரின் கூரையைத் தட்டிக்கொடுத்தார், குழந்தையைத் தூங்கவைப்பதுபோல. பிறகு டப்பாவைத் திறந்தார். புளியோதரையை என்னால் விழுங்க முடிந்தது என்றால் நம்புவாயா?

அன்று மாலையே அவருக்குத் தெரியாமல் எடுத்துவந்த பழம் இப்போது என் மேசை இழுப்பறையில் இருக்கிறது. இப்போதெல்லாம் என் சொந்தக் காரிலும், அலுவலகம் கிளம்பும்போது, தரையில் மண்டியிட்டு பெடலுக்கடியில் கைவிட்டுப் பார்த்துவிட்டுத்தான் ஏறுகிறேன். பக்கத்து வீட்டுக்காரர் எதையாவது தொலைத்துவிட்டேனா என்று கேட்டார். இல்லை என்றேன்.

வசந்தத்தில் மறுபடி ஒரு நாள் டிராக் திறக்கிறார்கள். ஆன்ட்டி பெயர் கொடுக்கச் சொல்லிவிட்டார். "பழசு காஞ்சிருக்கும், புதுசு ஒண்ணு வச்சிடறேன்" என்கிறார். வைக்கட்டும். கிளம்புமுன் நான் எடுத்துவிடுவேன். திரும்பி வந்ததும், அவர் பார்ப்பதற்குள், வைத்துவிடுவேன். உன் அளவுக்கு வேகம் எனக்கு வராது. மூன்றாவது சுற்றில் மட்டும் இன்ஜினைக் கொஞ்சம் பேச விடுவேன்.

பயமாகத்தான் இருக்கிறது. பார்த்துப் பார்த்துப் போகிறேன்.