காலின் மேல் போட்ட பழி

பிப்ரவரி 6, செவ்வாய்

நூலகத்தில் புதுப் புத்தகங்களுக்கு எண் ஒட்டிக்கொண்டிருந்தேன். அம்மா அழைத்தாள். பள்ளிக்கு இறங்கும் சரிவில் அப்பாவின் வேன் நிற்கவில்லை. உள்ளே ஒன்பது குழந்தைகள். பிரேக்கை மிதித்தால் தரைவரை போய்விட்டதாம். கியரை இறக்கி, மலைப்பக்கச் சுவரில் உரசி உரசி நிறுத்தியிருக்கிறார். ஒரு சிறுமிக்கு உதடு கிழிந்தது. மற்றவர்கள் விளையாட்டு என்று நினைத்துச் சிரித்தார்களாம்.

போன புதன்கிழமைதான் அப்பாவின் நண்பர் அவெலினோவின் பட்டறையில் நான்கு சக்கரத்துக்கும் பிரேக் வேலை முடிந்தது. புது லைனிங், புது ரப்பர் என்றார்.

பிப்ரவரி 7

வேனை அவெலினோவே இழுத்துப்போய் ராத்திரி பட்டறையில் வைத்திருந்தார். இன்று அப்பாவுடன் போனேன். என் ஞானஸ்நானத்தில் மெழுகுவர்த்தி பிடித்தவர் அவர். ஞானத்தகப்பன், அதனால் நான் நினோங் என்று கூப்பிட வேண்டும். அந்த உறவில் அப்பாவும் அவரும் ஒருவருக்கொருவர் ‘பரே’. பெரியவர்களுக்கு மரியாதை செய்யும் வழக்கப்படி அவர் கையை எடுத்து நெற்றியில் வைத்துக்கொண்டேன். பிரேக் ஆயில் நாற்றம்.

நான்கு சக்கரத்தையும் கழற்றிப் பார்த்துவிட்டாராம். குறை ஒன்றுமில்லையாம்.

“பிரேக்குல ஒண்ணும் இல்ல பரே. உன் கால்லதான் இருக்கு. அறுபத தாண்டிட்டா கால் யோசிச்சு யோசிச்சுத்தான் மிதிக்கும்.”

அங்கே நின்ற ஓட்டுநர்கள் சிரித்தார்கள். அப்பாவும் சிரித்தார். அந்தச் சிரிப்பை என்னால் விழுங்க முடியவில்லை.

பிப்ரவரி 9

வேன் வாசலில் நிற்கிறது. இனி ஓட்டப் போவதில்லை, வயதாகிவிட்டது என்று குழந்தைகளின் அம்மாக்களிடம் அப்பா சொல்லிவிட்டார். மத்தியானம் சாப்பிட வந்தபோது சமையலறை நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். வலது காலால் தரையை அழுத்துகிறார், எடுக்கிறார், மறுபடி அழுத்துகிறார். ஏதோ எண்ணிக்கொண்டும் இருந்தார். என்னைப் பார்த்ததும் நிறுத்திவிட்டார்.

பிப்ரவரி 10, சனி

யாருக்கும் சொல்லாமல் ஏற்பாடு செய்தேன். அப்பா சந்தைக்குப் போனதும் பக்கத்து ஊர் லா திரினிதாதில் உள்ள ஒரு பட்டறையிலிருந்து ஆள் வந்து வேனைக் கட்டி இழுத்துப் போனார்கள். அந்தப் பட்டறைப் பலகையில் புருஷன் பெயர். வேலை செய்வது பெண்டாட்டி, பெலிசா அக்கா. டிரம்மைக் கழற்றினார். “கிட்ட வந்து பாரு” என்றார்.

லைனிங் பழையது. மேலே சாண்ட் பேப்பர் தேய்த்து, ஓரத்தில் கறுப்புப் பெயிண்ட் அடித்திருக்கிறார்கள். ரப்பரும் பழையதுதான், விரிசல் விட்டு. அதன் வழியே ஆயில் கசிந்து எல்லாம் ஊறிக் கிடக்கிறது.

“புது ரப்பர் பத்து நாள்ல இப்படி வெடிக்காது. யாரு செஞ்சது?”

“எங்களுக்கு வேண்டியவர்.”

“அப்ப சரி. வேண்டியவங்கதான் இவ்வளவு தைரியமாச் செய்வாங்க.”

விபத்துக்குப் பிறகும் அவெலினோ இதைத் திறந்து பார்த்திருக்கிறார். பார்த்தார்! ஆயிலை மட்டும் ஊற்றி மூடினார். அதன் பிறகுதான் அப்பாவின் காலைச் சொன்னார். நாவல்களில் துரோகம் செய்கிறவனுக்கு ஏதாவது ஓர் ஆழம் இருக்கும், பக்கம் பக்கமாக யோசிப்பான். இங்கே என்ன இருக்கிறது? ஒரு துண்டு சாண்ட் பேப்பர், ஒரு டப்பா பெயிண்ட். ஒன்பது பிள்ளைங்க, ச்சீ.

எல்லாவற்றையும் புதிதாகப் போட்டு, சரிவில் மூன்று முறை ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் பெலிசா அக்கா வேனைக் கொடுத்தார்.

சாயங்காலம் பழைய லைனிங்கை மேசையில் வைத்து அப்பாவிடம் சொன்னேன். நகத்தால் பெயிண்டைச் சுரண்டிப் பார்த்தார். “பரே அப்படிச் செய்ய மாட்டான்மா” என்றார். கூட்டாளி திருடன் என்பதைவிடத் தான் கிழவன் என்பது அவருக்குச் சுலபமாக இருக்கிறது போல. அம்மா என்னைத்தான் அதட்டினாள்: நாளைக்குப் பூசைல அவங்க மூஞ்சில எப்படி முழிக்கிறது?

எனக்கு இந்த வீட்டின் மேலேயே அருவருப்பாக இருக்கிறது.

பிப்ரவரி 11

பூசையில் சமாதானம் சொல்லும் நேரத்தில் அவர் கை நீட்டினார். கொடுத்தேன். வீட்டுக்கு வந்து சோப்புப் போட்டுத் தேய்த்தேன்.

பிப்ரவரி 14

அப்பா வேனுக்கு அடியில் படுத்திருந்தார், ஒரு மணி நேரம். வெளியே வந்ததும் பழைய லைனிங்கை இன்னொரு முறை கையில் எடுத்துப் பார்த்தார்.

பிப்ரவரி 18, ஞாயிறு

பூசை முடிந்து அவெலினோ வந்தார், வாழையிலையில் சுட்ட அரிசி அப்பத்தோடு. அப்பாவுக்கு ஆறுதல் சொன்னார். ஓட்டினது போதும், வேனை விற்றுவிடு, ஆள் பார்த்துத் தருகிறேன் என்றார். அப்பா எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். அப்பம் தின்றார். பிறகு சாவியை எடுத்தார்.

“வா பரே. பள்ளிக்கூடம் வரைக்கும் ஒரு தடவ இறங்கிட்டு வரலாம். பக்கத்துல உக்காந்து என் கால் எங்க தப்புப் பண்ணுதுன்னு சொல்லு.”

அவெலினோ சிரித்தார். முழங்கால் வலி என்றார். நடக்கச் சொல்லலியே, உக்காரத்தானே சொல்றேன் என்றார் அப்பா. பட்டறைக்கு ஆள் வரும் என்றார் அவெலினோ.

“இன்னைக்கு உங்க பட்டறை லீவாச்சே” என்றாள் அம்மா, தட்டுகளை அடுக்கியபடி. அம்மாவா சொன்னாள்? நான் திரும்பிப் பார்த்தேன்.

அப்பா வெளியே போய் ஓட்டுநருக்குப் பக்கத்து இருக்கையின் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றார். “உன் கை வச்ச பிரேக்தானே பரே. ஏறு.”

அவெலினோ வேனைப் பார்க்கவே இல்லை. சரிவைத்தான் பார்த்தார். இறக்கம் பனிக்குள் போய்க் காணாமல் போகும் இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, மழை வரும் போலிருக்கிறது என்று சொல்லிவிட்டு, மேட்டுப் பாதையில் நடந்தார். முழங்கால் நன்றாகத்தான் வேலை செய்தது.

பிரேக் மாற்றியாகிவிட்டது என்று அப்பா அவரிடம் சொல்லவே இல்லை. கதவை மெதுவாகச் சாத்தினார்.

பிப்ரவரி 19, திங்கள்

ஏழு குழந்தைகள். இரண்டு வீட்டில் வேறு வேன் பார்த்துக்கொண்டார்கள். அவர்களைக் குற்றம் சொல்ல முடியாது. ஒவ்வொரு வாசலிலும் அப்பா இறங்கி நின்று, பிரேக் வேலையைச் சரியாகச் செய்யாமல் கொடுத்தது யார் என்று பெயரோடு சொன்னார். அம்மாவும் கூடவே போயிருந்தாள். அவளுக்கு இனி ஞாயிற்றுக்கிழமைகள் கஷ்டம்தான்.

எங்கள் வாசலிலிருந்து முதல் வளைவுவரை தெரியும். வேன் இறங்குவதைப் பார்த்தபடி நின்றேன். பாதி இறக்கத்தில் பின்விளக்கு சிவந்தது. வேன் நின்றது. ஒரு நாய் அவசரமே இல்லாமல் சாலையைக் கடந்துபோனது.