நடமாட்டம்

17.2.1990
தையல் பிரித்து ஒரு மாதம். இடது மார்பு இருந்த இடத்தைப் பார்க்காமல் சட்டை போடப் பழகிவிட்டேன். பார்த்தால் மட்டும் திரும்பவா வரப்போகிறது? திரும்பி வரக்கூடியது அந்த நோய். அதற்குத்தான் பயம்.

கொழும்பு டொக்டர் சொன்னதை இங்கே எழுதி வைக்கிறேன்: "ரீச்சர், கட்டிலிலை கிடக்காதேங்கோ, நல்லா நடவுங்கோ. நடக்கிற ஆக்களுக்கு இது திரும்பி வாறது குறைவு எண்டு சிலர் சொல்லீனம். உறுதியாச் சொல்ல ஏலாது. ஆனா நடமாட்டம் இருக்கவேணும்."

வீட்டில் நடப்பதோ மச்சாளின் ஆட்சி. இவருடைய தமக்கை அன்னபூரணம், என்னைப் பராமரிக்கவென்று மடத்துவெளியிலிருந்து வந்தவர். கூட்டுவதற்குத் தும்புத்தடியைத் தொட்டாலே பறிக்கிறார். "வெட்டின உடம்பு. குலுக்கினால் வருத்தம் ரத்தத்திலை பரவும்." நான் என்ன மோர்முட்டியா?

3.3.1990
கோயிலுக்கென்று சொல்லிவிட்டுப் புளியங்கூடல் முழுவதும் நடக்கிறேன். பொய்யை அம்மன் பொறுத்துக்கொள்வாள்.

20.4.1990
அடுத்த ஊர் சரவணை வரை போய்த் திரும்பினேன். மூச்சு வாங்கவில்லை. இடது கை கிணற்றுக் கயிறு இழுக்கிறது! நான் நடப்பதை மச்சாள் கண்டுபிடித்துவிட்டார். ஏசுவாரென்று நின்றேன்; கோப்பி போட்டுத் தந்தார்.

15.6.1990
ஆமிக்கும் இயக்கத்துக்கும் சண்டை திரும்பத் தொடங்கிவிட்டது. ஒலிபெருக்கி கட்டிக்கொண்டு போனார்கள்: வெளியில் நடமாட்டம் வேண்டாம். வேறு சொல்லே கிடைக்கவில்லையா?

8.7.1990
வானத்தில் ஹெலி. அசைவைக் கண்டால் சுடுகிறதாம். வீட்டைச் சுற்றி, மாமர நிழலுக்குள் நடக்கிறேன். இவர் கதிரையில் இருந்தபடி, "மீனா, வருத்தம் கொல்ல வருசக்கணக்கு எடுக்கும். இது எடுக்காது" என்றார்.

கோபம்தான் வந்தது. இரண்டுக்கும் நான் ஒருத்தியா பயப்படுவது?

22.8.1990
ஊர்காவற்றுறைப் பக்கம் விடாமல் வெடிச்சத்தம். ஊரே கிளம்புகிறது. வைத்திலிங்கத்தாரின் உழவு இயந்திரம் இழுக்கும் பெட்டியில் ஓர் இடம் வைத்திருந்தார்கள் — வருத்தக்காரிக்கென்று, எனக்கு.

"எனக்கு நடக்க ஏலும். மச்சாளை ஏத்துங்கோ."

பெருமையாகத்தான் சொன்னேன்.

மச்சாள் ஏற மறுத்தார். "உமக்குத் தந்த இடம். நீர் ஏறும்." நான் இடது கையைத் தலைக்கு மேலே முழுதாகத் தூக்கிக் காட்டினேன். சிரித்துவிட்டார். ஏறினார். பெட்டி றோட்டால் போனது. நானும் இவரும் வயல் வெளியால் நடக்கப்போகிறோம். எழுதுகிற இந்தக் கொப்பியைப் பைக்குள் வைக்கவேண்டும்.

2.9.1990
யாழ்ப்பாணம். பள்ளிக்கூடமொன்றில் அகதிகளாக இருக்கிறோம். பெட்டி வந்து சேரவில்லை. அதில் ஏறிய ஒருவரும் வரவில்லை.

9.9.1990
கேட்டுக் களைத்துவிட்டோம். இவர் என்னை ஒரு சொல் குறை சொல்லவில்லை. சொன்னால் நல்லது.

அது என்னுடைய இடம்.

14.9.1990
ஆஸ்பத்திரியில் காட்டினேன். நோயின் அடையாளம் ஒன்றும் இல்லையாம். "இந்தச் சண்டைக்குள்ளையும் உடம்பை நல்லா வைச்சிருக்கிறியள். என்ன செய்தனீங்கள்?" என்று டொக்டர் கேட்டார். நடந்தேன் என்று சொல்ல வாய் வரவில்லை.

30.9.1990
விடிய எழும்பி, பள்ளிக்கூட வளவைச் சுற்றி நடக்கலாமென்று செருப்பைப் போட்டேன். இவர் வாசல் படலையடியில், தமக்கை வருவாரென்று றோட்டைப் பார்த்தபடி குந்தியிருந்தார். முகத்தைத் திருப்பவில்லை.

"இரும், மீனா" என்றார்.

செருப்பைக் கழற்றிவிட்டுப் பக்கத்தில் இருந்துவிட்டேன்.