பேஸ்ட் மூடி

இன்று காலை பல் தேய்க்கும்போது பேஸ்ட் மூடி கை நழுவித் தொட்டிக்குள் விழுந்தது. எடுத்து இரண்டு விரலால் பிடித்ததும் என்னை அறியாமல் இடப்பக்கம் திருகினேன். உன் ஞாபகம் வந்தது. நீ போய் ஒரு வருஷம் ஆகப்போகிறது.

உன் பழைய அனலாக் கீபோர்டில் சுருதியைக் கூட்டிக் குறைக்கும் குமிழ் உடைந்துபோய், வெறும் தண்டு மட்டும் நீட்டிக்கொண்டிருந்தது. அதன்மேல் நீ ஒரு பேஸ்ட் மூடியைச் செருகியிருந்தாய். ஓசூரில் ஒரே தொழிற்சாலையில் நீ லேத்தில், மதுரைப் பக்கத்திலிருந்து வந்த நான் ஸ்டோரில். காலை ஏ ஷிப்ட் முடிந்தால் நீ கீபோர்டு, நான் பாட்டு, தாளத்துக்கு பாஷாவின் டிரிபிள் காங்கோ. இருந்ததே மூன்று பேர். போஸ்டரில் மட்டும் பெரிய எழுத்தில் 'இன்னிசைக் குழு'.

அந்தப் பெட்டிக்குச் சூடு ஏற ஏற சுருதி மாறும். உன் ஊர் தளியின் குளிரில் ஒரு மாதிரி, மேடை விளக்குக்கு அடியில் வேறு மாதிரி. கச்சேரிக்கு ஒரு மணி நேரம் முன்பே அதைப் போட்டு வைத்து, மேலே உன் கம்பளியைப் போர்த்துவாய். நான் சுற்றிச் சுற்றி வருவேன். "இன்னிக்கு நிக்குமாடா? சரணத்துல எறங்கிறாதே?" தளிக்காரனான நீ, சும்மா இரு என்பதைக் கன்னடத்தில் சொல்லி அடக்குவாய்: "சும்னிரு! பொட்டிய நான் பாத்துக்கறேன், நீ பாட்டப் பாரு."

ஆனாலும் சரணத்தில் குரல் மேலே போகும்போதெல்லாம் ஏதோ விலகுவது காதில் விழும். உன் இடது கை மூடிக்குப் போகும். ஒரு திருகு. எல்லாம் சேர்ந்துவிடும். மேடையை விட்டு இறங்கியதும், நான் கேட்பதற்கு முன்பே, "பொட்டி சூடாயிடுச்சு" என்பாய். இராயக்கோட்டைப் பக்கம் பாடிவிட்டுச் சானமாவுக் காட்டு வழியாக வேனில் திரும்பும்போது உங்களுக்கெல்லாம் யானை பயம். எனக்கு அடுத்த கச்சேரியின் சரணம்தான் பயம்.

அந்தப் பயத்தில்தான் உன்னை நச்சரித்தேன். டிஜிட்டல் வந்துவிட்டது, அதில் சுருதி அசையாது, மாற்றிவிடு என்று இரண்டு வருஷம். நீ ஏதேதோ சாக்குச் சொன்னாய். கடைசியில் உன்னைப் பெங்களூருக்கு இழுத்துக்கொண்டு போனதே நான்தான். கடையில் வயலின், புல்லாங்குழல் என்று ஒவ்வொரு பட்டனாக அமுக்கினாய். எல்லாம் பளிச்சென்று இருந்தது. பழையதில் ஒரு சுரத்தை அமுக்கிப் பிடித்தால் அது மெல்ல அலையும். இதில் எத்தனை முறை அமுக்கினாலும் அச்சடித்த மாதிரி அதேதான். எனக்கு அப்பாடா என்றிருந்தது. நீ மட்டும், "இது யாருக்காவும் எறங்கி வராதுடா" என்றாய். பெட்டியைப் பற்றித்தான் சொல்கிறாய் என்று நினைத்தேன்.

புதுப் பெட்டியோடு முதல் கச்சேரி, ஓசூரில் ஒரு கல்யாண வரவேற்பு. பயமில்லாமல் நான் மைக் முன்னால் நின்றது அன்றுதான். சரணம் வந்தது. மறுபடியும் அதே விலகல். இந்தப் பெட்டி இறங்காதே என்று திரும்பிப் பார்த்தேன். உன் இடது கை பழைய இடத்துக்குப் போய், மூடி இல்லாத வழுவழுப்பான பிளாஸ்டிக்கைத் தடவிக்கொண்டிருந்தது. சரணத்தில் இறங்கியது பெட்டி இல்லை, நான். இத்தனை வருஷமும் நீ பெட்டியை இறக்கி என்னோடு சேர்த்திருக்கிறாய்.

பாட்டு முடிந்ததும் பெண் வீட்டுக்காரர் ஒருவர், "என்னாங்க, சுதியே சேரலியே?" என்றார். நீ யோசிக்கவே இல்லை. "புதுப் பொட்டிங்க, எனக்கு இன்னும் கை பழகல." நானும் தலையாட்டினேன். அந்தத் தலையாட்டல்தான் என்னை இன்றுவரை அரிக்கிறது. அப்புறம் தொண்டை சரியில்லை, தொண்டை சரியில்லை என்றே மேடையிலிருந்து கழன்றுகொண்டேன். ஏன் என்று நீ கேட்கவில்லை. தெரியும் என்று நான் சொல்லவில்லை. சொல்லிவிடலாம் என்று தள்ளிப்போட்டுக்கொண்டே வந்ததில் நீயே போய்விட்டாய்.

மூடியைக் கையில் வைத்துக்கொண்டே பாஷாவுக்குப் போன் செய்தேன். எதைப் பேசினாலும் பேச்சு உன்னிடம்தான் வந்து நிற்கும். "அந்தப் பழைய பொட்டி என்னா பாடு படுத்துச்சு!" என்று சிரித்தான்.

"பொட்டி இல்ல பாஷா. நான்தான்."

"தெரியும்ப்பா" என்றான். "ஆரம்பத்துலியே தெரியும். அவங்கிட்ட கேட்டேன். 'அவனுக்குத் தெரிஞ்சா பயந்துக்கினு பாடவே மாட்டான், நீ வாயத் தொறக்காதே'ன்னுட்டான்."

வீட்டில் பேஸ்ட் மூடியைத் தேடிக்கொண்டிருக்கிறார்கள். அது என் சட்டைப்பையில் இருக்கிறது. வருகிற ஞாயிற்றுக்கிழமை தன் கல்யாண நாளுக்கு ஒரு பாட்டுப் பாடச் சொல்லியிருக்கிறாள் மகள். இசையைப் போனில் போட்டுவிடுவாளாம். அதுவும் யாருக்காகவும் இறங்கி வராத சாதிதான். ஆனாலும் பாடப்போகிறேன். சரணத்தில் இறங்கினால், நான்தான் என்று சொல்லிவிடுவேன்.