கண்டல் நட்ட கரைக்கு

அரூர்,
11.11.2025

அன்புள்ள எழிலரசி அக்காவுக்கு,

அமுதவல்லி எழுதுகிறேன். நீங்களும் அண்ணனும் கலைமதியும் மாப்பிள்ளையும் சுகமாக இருக்க வேண்டும். போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று நினைப்பீர்கள். போன் எந்நேரமும் அவர் தலைமாட்டில் இருக்கிறது. நான் பேசுவதெல்லாம் அவர் காதில் விழும். இன்று அவருக்கு மாத்திரை வாங்க அரூர் ஆஸ்பத்திரிக்கு வந்தேன். டோக்கன் கூப்பிட நேரமாகும் என்றார்கள். நோட்டை மடியில் வைத்து எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அவர் கட்டட வேலையில் சாரத்திலிருந்து விழுந்து ஏழு மாதம் ஆகிறது. இடுப்புக்குக் கீழே இன்னும் அசைவில்லை. கம்பைநல்லூருக்குப் பக்கத்தில் அவருடைய அண்ணன் மாதையன் மாமா வீட்டில்தான் இருக்கிறோம். சோற்றுக்குக் குறையில்லை. இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை அவரைப் புரட்டிப் படுக்க வைக்க வேண்டும், இல்லாவிட்டால் முதுகு புண்ணாகிவிடும். காட்டுக்குப் போனாலும் கடைக்குப் போனாலும் அதற்குள் ஓடி வந்துவிட வேண்டும். இன்று ஓரகத்தி சின்னம்மாள் பார்த்துக்கொள்வதால் வந்தேன்.

போன மாதம் கடல் தண்ணீர் ஏறியபோது நாம் கரையில் நட்ட கண்டல் செடிகளோடு நின்றுவிட்டது, தெருவுக்குள் வரவில்லை என்று சொன்னீர்களே, அன்று முழுக்க எனக்கு வேலையே ஓடவில்லை. நம் குப்பத்துச் சவுரியப்பன் அண்ணன் படகில் கண்டல் காய்களைக் கொண்டுவந்து கொட்டினபோது, முருங்கைக்காயை எதற்குச் சேற்றில் நடுகிறீர்கள் என்று கேட்டவள் நான். பதினேழு பெண்கள் தொடை வரை சேற்றில் இறங்கி நட்டோம். முதல் வருஷம் குப்பை வந்து அமுக்கிப் பாதிச் செடி போய்விட்டது. உட்கார்ந்து அழுதோம். மறுவாரமே பழைய வலைகளைக் குறுக்கே கட்டிவிட்டு மறுபடி நட்டோம். அந்தச் செடி இப்போது உங்கள் தலைக்கு மேலே நிற்கிறது என்கிறீர்கள். நான் பார்க்கவில்லை.

பதினெட்டாம் தேதி வரை அதிகாரிகள் வீடு வீடாகக் கணக்கெடுக்கிறார்கள், பட்டியலில் இருப்பவர்களைத்தான் குப்பத்தில் இருக்க விடுவார்கள், உங்கள் வீடு மாதிரி பூட்டிக் கிடப்பதை இடித்துவிடுவார்கள், இரண்டு நாள் வந்து போ என்று சொன்னீர்கள். மாமாவிடம் கேட்டேன். “பூட்டிக் கெடக்கற வூட்டுக்கு நீ எதுக்கும்மா ஓடற? கார்ட இங்க மாத்திக்கலாம். நீ போய்ட்டா இவன யாரு பாக்கறது?” என்றார். கோபமாகச் சொல்லவில்லை அக்கா. கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் பதில் சொல்லியிருப்பேன்.

அப்படியும் போன வியாழக்கிழமை கிளம்பினேன். போனையும் ரேஷன் கார்டையும் எடுத்துக்கொண்டு திருவண்ணாமலை வண்டியில் ஏறிவிட்டேன். அவரிடம் இரண்டே நாள் என்று சொன்னேன். சரி என்று தலையாட்டினார். வண்டி தானிப்பாடியை நெருங்கும்போது சின்னம்மாள் கூப்பிட்டாள். “அமுதா, அவரு ஒரு வாய் சாப்புடல. நீ இனி வரமாட்டன்னு சொல்லிச் சொல்லி அழுவறாரு. பக்கத்துல போனா கைய ஒதறறாரு. நா என்ன பண்ணட்டும்?” என்றாள்.

தானிப்பாடியில் இறங்கிவிட்டேன். எதிர்ப்பக்கம் போய் நின்றேன். நான் ஏறி வந்த வண்டி கண்ணைவிட்டு மறையும் வரை, இப்போதுகூட ஓடிப் பிடிக்கலாம் என்று தோன்றிக்கொண்டே இருந்தது. வீட்டுக்கு வந்தபோது அவர் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பியிருந்தார். “பஸ்ல கூட்டமா?” என்று மட்டும் கேட்டார். இல்லை என்றேன். அன்றிலிருந்து போனைத் தன் பக்கத்திலேயே வைத்துக்கொள்கிறார்.

ஐந்து நாளாக யோசித்து ஒரு முடிவுக்கு வந்திருக்கிறேன். எங்கள் ஊர் அருள்குமார் நாளை காய்கறி வண்டியோடு கோயம்பேட்டுக்கு வருகிறார். இந்தக் கடிதத்தோடு வீட்டுச் சாவியையும் அவரிடம் கொடுத்து அனுப்புகிறேன். பதினெட்டாம் தேதிக்குள் கலைமதியும் மாப்பிள்ளையும் அங்கே குடிபோகட்டும். ஒரே அறையில் நீங்கள் எத்தனை பேர்தான் படுப்பீர்கள்? கணக்கெடுக்க வருகிறவர்களிடம் அது கலைமதி வீடு என்றே சொல்லி, அவர்கள் இரண்டு பேர் பெயரையே எழுதச் சொல்லுங்கள். மறுத்துப் பேசாதீர்கள். பூட்டிக் கிடந்து இடிபடுவதைவிட நம் பெண் ஒருத்தி விளக்கேற்றட்டும்.

பரண்மேல் ஒரு சாக்கில் அவருடைய கொத்துக்கரண்டியும் மட்டப்பலகையும் இருக்கின்றன. அதை மட்டும் யாருக்கும் கொடுத்துவிடாதீர்கள். அவ்வப்போது கேட்கிறார்.

செடித் தண்டில் சிப்பி ஒட்டினால் உடனே சுரண்டிவிடச் சொல்லுங்கள். மழைக்காலம், வலையும் கிழிந்திருக்கும். கலைமதிக்குச் சேற்றில் இறங்கக் கூச்சமாக இருக்கும், முதல் நாள் நீங்கள் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். அவளிடமிருந்து நல்ல சேதி சீக்கிரம் வரட்டும்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன் அக்கா. நீங்கள் போன் பண்ணினால் அவர்தான் எடுப்பார். சாவி விஷயம் அவருக்குத் தெரிய வேண்டாம். வீடு எப்படி இருக்கிறது என்று கேட்டால், பூட்டியபடி பத்திரமாக இருக்கிறது, நீங்கள் இரண்டு பேரும் வந்துதான் திறக்க வேண்டும் என்று சொல்லுங்கள். கொஞ்சம் சிரித்த குரலில் சொல்லுங்கள்.

என்றும் உங்கள் தங்கை,
அமுதவல்லி