திராட்சை மணக்கும் புண்

அண்ணா,

இன்று காலை கிருமி வளர்க்கும் இன்குபேட்டரைத் திறந்ததும் பன்னீர் திராட்சை வாசனை முகத்தில் அடித்தது. யாரோ ஒருவருடைய கால் புண்ணில் எடுத்த சீழ், ஒரே ராத்திரியில் தட்டு முழுக்கப் பச்சையாக வளர்ந்திருந்தது. சூடோமோனாஸ் என்கிற கிருமிக்கு இந்த வாசனை உண்டு. செங்கல்பட்டு ஆஸ்பத்திரி லேபில் என்னோடு வேலை செய்கிறவர்களுக்கு இது பழகிவிட்டது. எனக்குத்தான் இன்னும் பழகவில்லை.

சில வருஷங்களுக்கு முன், அந்த ஞாயிற்றுக்கிழமை மதியம் நான் நம் குப்பத்துக்கு வந்தபோது அண்ணி வாசலிலேயே சொன்னாள். "காலைலேந்து வூடே திராட்ச மணக்குது. யாரு வாங்கினு வந்தாங்கன்னே தெரியல."

வீட்டில் ஒரு திராட்சை கூட இல்லை. நீ கட்டிலில் காலை நீட்டிச் சிரித்தபடி இருந்தாய். வாசனை உன் தொடையிடுக்கில் இருந்து வந்துகொண்டிருந்தது.

பீடி குடித்தே அடைத்துக்கொண்ட கால் ரத்தக்குழாய்க்கு மாற்றாக அங்கே ஒரு செயற்கைக் குழாய் வைத்துத் தைத்துப் பன்னிரண்டு நாள்தான் ஆகியிருந்தது. தண்ணீரே படக்கூடாது என்று டாக்டர் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். நீ யார் சொல்லைக் கேட்டாய்? உன் கைலி ஓரத்தில் உப்புப் பூத்திருந்தது. தூண்டில் முள் குத்தினாலும் கெளுத்தி கொட்டினாலும் கடலில் போய் நிற்பது நம் ஆட்களின் வழக்கம். நீயும் மூன்று நாளாக இடுப்பளவுத் தண்ணீரில் நின்றுவிட்டு வந்திருந்தாய்.

"இன்னாண்ணா பண்ணி வச்சிகீற?"

"உப்புத் தண்ணி பட்டா ஆறும் பாப்பா. நீ பொறக்கறதுக்கு முன்னாடிலேந்து ஆறிக்கினு கீது."

கட்டைப் பிரித்தேன். துணி முழுக்கப் பச்சை. வலியே இல்லை என்றாய். அது எனக்கு இன்னும் பயமாக இருந்தது. இப்போதே ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்றேன். குழாயில் கிருமி ஏறியிருந்தால் அதை எடுத்துவிடுவார்கள், கால் போனாலும் போகும் என்று உனக்கும் தெரியும். என் கையைப் பிடித்துக்கொண்டாய்.

"காலு போச்சுன்னா போட்ல எப்டி ஏறுவேன்? நெஜமாவே கிருமிதானான்னு பாத்துட்டுச் சொல்லு. அப்பால வரேன்."

அங்கேதான் தவறினேன். என் மூக்குக்கு அப்போதே தெரிந்துவிட்டது. ஆனால் தட்டில் வளர்ந்ததைக் கண்ணால் பார்க்காமல் நாங்கள் வாய் திறப்பதில்லை, வாசனையை ரிப்போர்ட்டில் எழுதவும் முடியாது. பஞ்சுக்குச்சியில் சீழைத் தொட்டு எடுத்துக்கொண்டு பஸ் ஏறினேன். தட்டில் தேய்த்து இன்குபேட்டரில் வைத்தேன். உள்ளே எப்போதும் முப்பத்தேழு டிகிரி, மனித உடம்பின் சூடு.

மறுநாள் காலை தட்டு பச்சையாக இருந்தது. அதைக் கையில் வைத்திருக்கும்போதே அண்ணியின் போன் வந்தது. தையல் விட்டு ரத்தம் பீறிட்டதாம். ஆம்புலன்ஸ் திருக்கழுக்குன்றம் தாண்டுவதற்குள் நீ போய்விட்டாய். நான் வளரட்டும் என்று காத்திருந்த அதே நேரத்தில் அது உனக்குள்ளும் வளர்ந்திருக்கிறது. கடலில் இருந்து வந்ததா, ஆஸ்பத்திரியிலேயே ஒட்டிக்கொண்டதா என்பது இன்றும் எனக்குத் தெரியாது.

இப்போதெல்லாம் இந்த வாசனை வந்தால் ரிப்போர்ட்டுக்குக் காத்திருப்பதில்லை. நேரே வார்டுக்குப் போய்ச் சொல்லிவிடுகிறேன். "மோந்து பாத்தே சொல்லிடுவீங்களா சிஸ்டர்?" என்று சின்ன டாக்டர்கள் கேலி செய்கிறார்கள். இன்றும் செய்தார்கள். செய்யட்டும்.

ஒன்றை மட்டும் யாரிடமும் சொன்னதில்லை. உன் தட்டை அழிக்கக் கொடுப்பதற்கு முன் அதிலிருந்து கொஞ்சம் எடுத்து ஒரு சின்ன ட்யூபில் போட்டு ஃப்ரீசரில் வைத்தேன். பழையதை எல்லாம் கழிக்கச் சொல்லும்போது அதை மட்டும் பின்னால் தள்ளி மறைத்துவிடுகிறேன். வருஷத்துக்கு ஒரு முறை வெளியே எடுத்து, புதுத் தட்டில் தேய்த்து, உயிர் இருக்கிறதா என்று பார்க்கிறேன். இருக்கிறது. ஒவ்வொரு முறையும் அதே பச்சையில் எழுந்து வருகிறது.

உன்னைக் கொன்றதற்கு நான் தீனி போட்டு வளர்க்கிறேன், அண்ணா. அழித்துவிடலாம்தான். ஆனால் உனக்குள் வாழ்ந்ததில் இன்னும் உயிரோடு இருப்பது அது ஒன்றுதான்.